துறைமுகத்தை விற்பதா, ஊரே வாங்குவதா: டோவர் கணக்கு

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. பங்குதாரரும் இல்லை. 1606ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் கொடுத்த சாசனத்தில் பிறந்த ஒரு வாரியம் இன்றுவரை அதை நடத்துகிறது. பிரான்ஸின் கலே துறைமுகத்துக்கு ஒன்றரை மணி நேரக் கப்பல் பயணம். வருடத்துக்கு இருபது லட்சத்துக்கும் மேல் சரக்கு லாரிகள் கடந்து போகின்றன. வரும் உபரியை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, துறைமுகத்திலேயே போட வேண்டும். பிரிட்டனில் இந்த வகைக்கு டிரஸ்ட் துறைமுகம் என்று பெயர். அபர்டீன், டைன், மில்ஃபோர்டு ஹேவன், ஷெட்லாந்தின் லெர்விக் எல்லாம் இதே வகைதான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2010 ஜனவரியில் இதே வாரியம், "எங்களைத் தனியாருக்கு விற்க அனுமதி கொடுங்கள்" என்று அமைச்சரிடம் மனு போட்டது. ஊரின் சம்மதம் வாங்கவில்லை, வாங்க வேண்டிய கட்டாயமும் சட்டத்தில் இல்லை. அதற்குப் பதிலடியாக ஊர்க்காரர்கள் 'மக்கள் துறைமுகம்' என்று ஒரு அமைப்பைத் தொடங்கி, 20 கோடி பவுண்டு அளவில் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். உள்ளூர் எம்.பி. முன்னால் நின்றார். பாடகி வேரா லின் ஆதரவு கொடுத்தார். 2012 டிசம்பரில் அமைச்சர் விற்பனை மனுவை நிராகரித்தார். ஊரும் வாங்கவில்லை, தனியாரும் வாங்கவில்லை.

சமூக உடைமை என்று பேசுகிறவர்கள் இந்தக் கதையை வெற்றி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உள்ள கணக்குதான் முக்கியம். ஒரு துறைமுகம் யாருடையது என்பதை முடிவு செய்வது பங்குப் பத்திரம் அல்ல. வாரியத்தில் யாரை உட்கார வைப்பது, விற்பனைக்கு யார் 'முடியாது' என்று சொல்லலாம், உபரியை எங்கே போடுவது ஆகிய மூன்று உரிமைகள்தான். இவை கையில் இருந்தால் வாங்கவே வேண்டாம். இவை இல்லாவிட்டால் 20 கோடி கொடுத்து வாங்கியும் பயனில்லை.

விற்க வழி கொடுத்த சட்டம்

டிரஸ்ட் துறைமுகம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. அதனால் முதலில் அவற்றை விற்கப் பொதுவான வழி இல்லை. 1991ல் வந்த துறைமுகச் சட்டம் அந்த வழியைத் திறந்தது. வாரியமே ஒரு கம்பெனியைத் தொடங்கும். சொத்து, கடமை, சட்ட அதிகாரம் எல்லாவற்றையும் ஒரு திட்டத்தின் மூலம் அதற்கு மாற்றும். பிறகு அந்தக் கம்பெனியின் பங்குகளை விற்கும். விற்ற பணத்தில் பாதி அரசுக் கருவூலத்துக்கு வரியாகப் போக வேண்டும். சட்டத்தின் 9ஆம் பிரிவு வாரியம் தானாக முன்வருவதற்கு. 10ஆம் பிரிவு, ஆண்டு வருவாய் 50 லட்சம் பவுண்டைத் தாண்டிய துறைமுகத்தை அமைச்சரே விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதற்கு. டோவர் போனது 9ஆம் பிரிவின் வழியாக.

அந்த வழியில் முன்பே போனவர்களின் அனுபவம் இருக்கிறது. 1992ல் டீஸ், கிளைட், ஃபோர்த், மெட்வே, டில்பரி எல்லாம் விற்கப்பட்டன. இவற்றில் மெட்வேயைப் பார்த்தால் போதும். மேலாளர்களும் ஊழியர்களும் சேர்ந்து சுமார் 3 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். ஊழியர் உடைமை என்பதால் மக்களுக்கு நெருக்கமாகத்தான் தெரிந்தது. ஒன்றரை வருடம் கழித்து மெர்சி டாக்ஸ் நிறுவனத்துக்கு 10 கோடிக்கு மேல் விலை போனது. நடுவே தகராறில் வேலையை இழந்த தொழிலாளர்கள் தங்கள் பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது பங்குக்கு 2.50 பவுண்டு. மெர்சி கொடுத்த விலை 37.25 பவுண்டு.

இதில் தப்பு நடந்தது எங்கே? வாங்கியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. மறுபடி விற்கத் தடை போடும் விதி ஒன்றுகூட அந்த ஏற்பாட்டில் இல்லை. பங்கை யாரும் யாருக்கும் விற்கலாம் என்று விட்டுவிட்டால், முதலில் யார் வாங்கினார்கள் என்பது இரண்டே வருடத்தில் அர்த்தமற்றுப் போகும்.

டோவரில் என்ன காரணம் சொன்னார்கள்

வாரியம் சொன்ன காரணம் கடன். மேற்குத் துறையில் புதிய ஃபெரி முனையம் கட்ட வேண்டும், அதற்குப் பெரிய தொகை வேண்டும், இன்றைய வடிவத்தில் தாராளமாகக் கடன் வாங்க முடியாது என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. பெரிய டிரஸ்ட் துறைமுகங்களை அரசுப் புள்ளிவிவர அலுவலகம் பொதுத்துறைக் கணக்கில் வைத்திருந்தது. காரணம், அந்த 10ஆம் பிரிவு: அமைச்சர் விற்கச் சொல்லலாம் என்றால் அரசின் பிடி இருக்கிறது என்று அர்த்தம். பொதுத்துறைக் கணக்கில் இருந்தால் துறைமுகம் வாங்கும் கடன் நாட்டின் கடனோடு சேரும், நிதித்துறை முகம் சுளிக்கும். விற்பதற்காகப் போட்ட சட்டமே விற்காமல் இருப்பவரின் கையைக் கட்டியது.

ஆனால் அதே வாதத்துக்கு மறுமொழியும் டோவரிலேயே கிடைத்தது. விற்பனை நிராகரிக்கப்பட்ட பிறகு, அதே டிரஸ்ட் வடிவத்தில் இருந்துகொண்டே சுமார் 25 கோடி பவுண்டு மதிப்பில் மேற்குத் துறையைப் புதுப்பித்துச் சரக்கு முனையம் கட்டினார்கள். விற்றால்தான் வளரலாம் என்று எந்தத் துறைமுக நிர்வாகம் சொன்னாலும், விற்காமல் கடன் வாங்கும் திட்டத்தை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அப்படி ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஊர் தன் எதிர்ப்பைப் பதிவு செய்த விதம் கவனிக்கத் தக்கது. உள்ளாட்சிச் சட்டத்தில் 'பாரிஷ் வாக்கெடுப்பு' என்று ஒன்று இருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் பத்து வாக்காளர்களோ, வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கோ, எது குறைவோ அத்தனை பேர் கேட்டால் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். மாலை 4 மணி முதல் இரவு 9 வரைதான் வாக்குப்பதிவு. முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. 2011 மார்ச்சில் டோவரில் நடந்ததில் 97 சதவீதத்துக்கு மேல் தனியார் விற்பனைக்கு எதிராக வாக்களித்தார்கள். கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பால் என்ன லாபம் என்றால், அதே வருடம் அரசு விற்பனைக்கான நிபந்தனைகளைத் திருத்தி, உள்ளூர்ச் சமூகத்துக்குக் குறிப்பிடத்தக்க பங்கு இருக்க வேண்டும் என்று சேர்த்தது. 2012ல் மனு விழுந்ததற்கு அந்த நிபந்தனை ஒரு முக்கியக் காரணம். செலவு குறைந்த ஆயுதம், சரியான நேரத்தில் எடுத்தார்கள்.

பத்து பவுண்டு எதற்கு, இருபது கோடி எங்கே

ஊர் வாங்குவது என்றவுடன் எல்லோர் மனதிலும் வருவது ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்குவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டோவர் நகரில் சுமார் 30,000 பேர். பிறந்த குழந்தை உட்பட எல்லோரும் ஆளுக்கு 10 பவுண்டு போட்டாலும் 3 லட்சம். தேவை 20 கோடி. ஒரு சதவீதத்தில் ஆறில் ஒரு பங்குகூட வராது. பத்து பவுண்டு வாக்குரிமைக்கான சந்தா, அவ்வளவுதான். விலையை அடைப்பது கடன் பத்திரம்.

20 கோடி பவுண்டை 5 சதவீத வட்டியில் 30 வருடத்துக்கு வாங்கினால் வருடத் தவணை சுமார் 1.3 கோடி. முப்பது வருடத்தில் மொத்தம் 39 கோடி. வட்டி 6 சதவீதமானால் தவணை 1.45 கோடி. இதோடு முடியாது. கடன் கொடுப்பவர் தவணைக்குச் சமமான வருவாய் போதும் என்று விடமாட்டார், 1.4 மடங்கு காட்டு என்பார். அதாவது பராமரிப்பு, சம்பளம், வரி எல்லாம் போக வருடா வருடம் 1.8 கோடி மிஞ்ச வேண்டும். மிஞ்சும் அந்த வித்தியாசத்தையும் கடன் தீரும்வரை இஷ்டம்போலச் செலவழிக்க விடமாட்டார்கள், ஒரு கணக்கில் பூட்டி வைக்கச் சொல்வார்கள்.

இப்போது யோசியுங்கள். நேற்றுவரை இந்தக் கடன் இல்லாமல் ஓடிய துறைமுகம். உபரி முழுக்க அதற்கே. இன்று ஊர் அதை 'வாங்கி'விட்டது. உபரியில் பெரும்பகுதி பத்திரக்காரருக்கு. துறை மேடையைச் சரிசெய்ய வேண்டிய பணம் வட்டிக்குப் போகிறது. கொடுத்த விலையில் பாதி கருவூலத்துக்கு. ஊருக்கே உரிய ஒன்றை ஊரே காசு கொடுத்து மீட்டு, அந்தக் காசை அரசு எடுத்துக்கொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மக்கள் துறைமுகம் என்ற பெயரை நான் மதிக்கிறேன். வாங்கும் திட்டத்தை மதிக்கவில்லை. அது நிறைவேறாமல் போனது டோவரின் அதிர்ஷ்டம் என்பேன்.

சின்னத் துறைமுகத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். ஸ்காட்லாந்தின் தென்மேற்கு ஓரத்தில் போர்ட்பாட்ரிக் என்ற சிறு துறை. 2015ல் ஊர்க்காரர்கள் சமூக நலச் சங்கம் ஒன்றை அமைத்துப் பங்கு வெளியிட்டு ஒரு லட்சம் பவுண்டு அளவில் திரட்டித் துறையைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். மல் தீவின் டோபர்மோரியில் மிதவை மேடைகளை ஊர்ச் சங்கமே நடத்துகிறது. லட்சங்களில் முடியும் விலைக்கு ஆளுக்குக் கொஞ்சம் என்பது நடக்கிற காரியம். விலை கோடிகளில் போகத் தொடங்கியதும் கடன்காரர் உள்ளே வருகிறார், அவரோடு அவருடைய நிபந்தனையும் வருகிறது.

சமூக நலச் சங்கப் பங்கைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரே ஓட்டு. ஒருவர் திரும்பப் பெறத்தக்க பங்கில் அதிகபட்சம் ஒரு லட்சம் பவுண்டுதான் போடலாம். பங்கை வெளியாளுக்கு விற்க முடியாது. வேண்டாமென்றால் சங்கத்திடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் சங்கத்தில் காசு இருந்து நிர்வாகம் சம்மதித்தால்தான். விலை ஏறாது, இறங்கலாம். மெட்வேயில் இரண்டரை பவுண்டு முப்பத்தேழான வித்தை இங்கே நடக்காது. ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. சொத்துப் பூட்டு, அதாவது சங்கம் கலைந்தாலும் சொத்து உறுப்பினர்களுக்குப் பிரியாமல் இதே போன்ற இன்னொரு பொதுநல அமைப்புக்கே போகும் என்ற விதி, தானாக வந்துவிடாது. சட்ட பலம் உள்ள பூட்டு வேண்டுமானால் விதித்தொகுப்பில் அதற்கென்று வகுக்கப்பட்ட வாசகத்தைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காவிட்டால், பின்னால் வரும் உறுப்பினர்கள் கம்பெனியாக மாற்றி விற்க வழி இருக்கிறது. சமூக நலக் கம்பெனி என்ற வடிவத்தில் பூட்டு கட்டாயம், ஆனால் அங்கே மக்களிடம் பங்கு திரட்டுவது கடினம்.

கையெழுத்துக்கு முன்னால் கடல் வற்றும்போது போய்ப் பாருங்கள்

துறைமுகம் வாங்குகிறவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பார்கள், நிலப் பத்திரத்தைப் பார்ப்பார்கள். இரும்புச் சுவரைப் பார்ப்பவர்கள் குறைவு. பல துறைகளில் கப்பல் அணையும் மேடையின் முகம் ஷீட் பைல், ஒன்றோடொன்று கோத்து அடித்த எஃகுத் தகடுகள். தடிமன் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். சாதாரணமாகக் கடல் நீரில் வருடத்துக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அரிக்கும். அதை நம்பித்தான் ஐம்பது வருட ஆயுள் என்று எழுதியிருப்பார்கள்.

ஆனால் தாழ்நீர் மட்டத்தை ஒட்டி ஒரு பட்டையில் மட்டும் நுண்ணுயிர்கள் சேர்ந்து அரிமானத்தை ஐந்து மடங்கு, அதற்கும் மேலாக ஆக்குகின்றன. வருடத்துக்கு அரை மில்லிமீட்டர், சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர். இருபதே வருடத்தில் ஓட்டை. தாழ்நீரில் படகில் போய்ப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் மெத்தென்று திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் வந்துவிடும். அடியில் கறுப்புக் குழம்பு, அழுகிய முட்டை நாற்றம். அதற்கும் அடியில் பளபளவென்று குழிந்த எஃகு. மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. ஓட்டை விழுந்ததும் மேடைக்குப் பின்னால் நிரப்பிய மண் ஒவ்வொரு ஓதத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும். ஒரு நாள் லாரி நிற்கும் தளம் உள்வாங்கும்.

முக்குளிப்பவரை அனுப்பி அல்ட்ராசோனிக் கருவியால் தடிமன் அளக்க வேண்டும். சுவர் நீளத்துக்கும் வெவ்வேறு ஆழத்திலும், தகட்டின் வெளி முகம், மூலை இரண்டிலும். எங்கே முதலில் போகும் என்பது தகட்டின் வடிவத்தைப் பொறுத்தது. சரிசெய்வது என்றால், சுவரோடு ஒட்டி அழுந்தும் மூன்று பக்க இரும்புப் பெட்டியை இறக்கி, உள்ளே நீரை இறைத்துவிட்டு, காய்ந்த இடத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வார்கள். அதன்பின் துத்தநாகமோ அலுமினியமோ, எஃகுக்குப் பதிலாகத் தானே அரிபடும் பலி உலோகமாகக் கட்டி விட வேண்டும். ஓதத்துக்கு ஏற்ப மணிக்கணக்கில் நடக்கும் வேலை, விலையும் அதற்கேற்ப. இந்த அறிக்கை இல்லாமல் விலை பேசுகிறவர், விற்பவர் தள்ளிப்போட்ட பராமரிப்பைத் தன் தலையில் வாங்குகிறார். துறைமுகத்தை விற்கத் தயார்ப்படுத்தும் சில வருடங்களில் பராமரிப்புச் செலவு குறைந்து லாபம் அழகாகத் தெரிவது வழக்கமான வித்தை; கடந்த பத்து வருடத்தின் தூர்வாரல், பைல், கப்பல் மோதலைத் தாங்கும் ஃபெண்டர் ஆகியவற்றின் செலவை வரிசையாகக் கேட்டால் வெளிச்சமாகிவிடும்.

ஓய்வூதியப் பற்றாக்குறை, விமானிபோலக் கப்பலை உள்ளே கூட்டிவரும் பைலட்களின் பழைய ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டியது, கடல் தரைக்கான குத்தகை ஆகியவையும் சொத்தோடு சேர்ந்தே வரும்.

பொறுப்பும் சேர்ந்து வருகிறது

1996 பிப்ரவரியில் ஸீ எம்ப்ரஸ் என்ற எண்ணெய்க் கப்பல் மில்ஃபோர்டு ஹேவன் வாயிலில் பாறையில் மோதி 72,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. மில்ஃபோர்டு ஹேவன் டிரஸ்ட் துறைமுகம். பைலட் சேவைக்கு அதுவே பொறுப்பு. நீதிமன்றம் 40 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் ஏழரை லட்சமாகக் குறைந்தது. பங்குதாரர் இல்லாத அமைப்பு அபராதத்தை எங்கிருந்து கட்டும்? துறையைப் பயன்படுத்துபவர்கள் கொடுக்கும் கட்டணத்திலிருந்துதான். இந்த விபத்துக்குப் பிறகு 2000ல் வந்த கடல்சார் பாதுகாப்பு நெறி, வாரிய உறுப்பினர்கள் ஒவ்வொருவரையும் கடமைப் பொறுப்பாளர் ஆக்கியது. 'எனக்குக் கப்பல் தெரியாது, நான் ஊர்ப் பிரதிநிதி' என்று தப்பிக்க முடியாது.

அதனால்தான் டிரஸ்ட் துறைமுகங்களுக்கான அரசு வழிகாட்டுதல் வாரியத்தைத் திறமை பார்த்து நியமிக்கச் சொல்கிறது. யாருடைய பிரதிநிதியாகவும் பேசக் கூடாது, துறைமுகத்தின் நலனை மட்டும் பார்க்க வேண்டும் என்கிறது. நியாயமான பேச்சுதான். ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் வாரியமே அடுத்த வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறது. 2010ல் டோவரில் ஊர் அதிர்ந்தது இதனால்தான்: நாம் யாரும் தேர்ந்தெடுக்காதவர்கள் நம் துறைமுகத்தை விற்கப் பார்க்கிறார்களே என்று.

மறுபக்கம், நேரடியாகத் தேர்தலில் வந்தவர்கள் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு டோவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ராம்ஸ்கேட் இருக்கிறது. அது தானெட் மாவட்ட மன்றத்தின் சொந்தத் துறைமுகம். டிரான்ஸ்யூரோபா என்ற ஃபெரி நிறுவனம் கட்டண பாக்கி வைத்தபோது, வேலைவாய்ப்பு போய்விடுமே என்று மன்றம் தவணை கொடுத்துக்கொண்டே போனது. 2013ல் நிறுவனம் திவாலானது. பாக்கி 30 லட்சம் பவுண்டுக்கு மேல். ஒரே பெரிய வாடிக்கையாளர், அரசியல் ஆசை, கண்டிப்பில்லாத வசூல் மூன்றும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். இதற்கு நேர்மாறாக போர்ட்ஸ்மவுத் நகர மன்றமும் சொந்தத் துறைமுகம் வைத்திருக்கிறது, அது நகரத்துக்கு வருவாய் தருகிறது. உடைமை ஒன்றே, நடத்தும் விதம் வேறு. பாக்கி எத்தனை நாள், எவ்வளவு தொகை வரை என்பதை விதியிலேயே எழுதி, அதை மீற வாரியத்துக்கே அதிகாரம் இல்லாமல் செய்வது நல்லது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. துறைமுகம் உங்களுடையது என்பதால் நினைத்தவரை நிறுத்திவிட முடியாது. 1847ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, கட்டணம் செலுத்தும் எவருக்கும் துறை திறந்திருக்க வேண்டும். 2022 மார்ச்சில் பி அண்ட் ஓ ஃபெரீஸ் 786 மாலுமிகளை ஒரே நாளில் வேலையை விட்டு நீக்கியபோது டோவர் ஊரே கொதித்தது. ஆனாலும் துறைமுகத்தால் அந்தக் கப்பல்களை மறுத்திருக்க முடியாது. மாலுமிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இணையான சம்பளம் கொடுப்பதாக உறுதிமொழி தராத கப்பலுக்குக் கூடுதல் கட்டணம் விதிக்கவும், அதையும் கட்டாவிட்டால் மறுக்கவும் துறைமுகங்களுக்கு வழி செய்ய 2023ல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. கட்டணத்திலும் இஷ்டம் கிடையாது. 1964ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்கீழ் பயன்படுத்துபவர்கள் அமைச்சரிடம் ஆட்சேபம் போடலாம்.

ஊர் என்றால் எது வரை

டோவரில் ஃபெரி நின்றுபோனால் லாரி வரிசை எம்-20 நெடுஞ்சாலையில் நிற்கும். 2015 கோடையில் 'ஆபரேஷன் ஸ்டாக்' என்று சாலையையே வாகன நிறுத்தமாக்கினார்கள். அவதிப்பட்டது ஃபோக்ஸ்டோன், ஆஷ்ஃபோர்டு மக்கள். மேற்குத் துறைக்கு மணல் எடுக்க குட்வின் மணல்திட்டில் 30 லட்சம் கன மீட்டர் வரை தோண்ட 2018ல் உரிமம் கிடைத்தபோது எதிர்த்தவர்களில் பக்கத்து டீல் ஊர்க்காரர்கள் முன்னால் இருந்தார்கள். டோவர் நகரத்தாருக்கு மட்டும் ஓட்டு என்றால் இவர்களுக்கு இடமில்லை. கென்ட் மாகாணம் முழுக்க ஓட்டு என்றால் துறைமுகத்தைப் பார்த்தே இராதவர்கள் பெரும்பான்மை. எனக்குத் தெரிந்து நல்ல வழி, உறுப்பினர்களைப் பிரிவுகளாக வைப்பது: குடியிருப்பவர், துறைமுகத் தொழிலாளர், கப்பல் நிறுவனமும் மீனவரும் உள்ளிட்ட பயன்படுத்துபவர், சுற்றுவட்டார உள்ளாட்சி. அன்றாட முடிவு திறமை பார்த்து நியமித்த வாரியத்திடம். விற்பனை, நீண்டகாலக் குத்தகை, விதித் திருத்தம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாக முக்கால் பங்கு சம்மதம்.

நம் ஊரோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. இந்தியாவின் பெருந்துறைமுகங்கள், கம்பெனியாக இயங்கும் காமராஜர் துறைமுகத்தைத் தவிர, 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் டிரஸ்ட் என்ற பெயரில் இருந்தாலும் அவை மத்திய அரசு நியமித்த வாரியங்கள்தான். 2021 சட்டம் அவற்றை ஆணையங்களாக மாற்றியது. தொழிலாளர் தரப்புக்கு வாரியத்தில் இடம் இருக்கிறது, பக்கத்துக் குப்பத்து மீனவருக்கு இல்லை. 2020ல் மத்திய அரசு காமராஜர் துறைமுகத்தில் தன் 66.67 சதவீதப் பங்கை விற்றபோது வாங்கியது சென்னைத் துறைமுகம், விலை 2,383 கோடி ரூபாய். ஒரு பொதுத் துறைமுகத்தின் இருப்பு இன்னொரு பொதுத் துறைமுகத்தின் வழியாக அரசின் கஜானாவுக்குப் போனது. கருவூலத்துக்குப் பாதி என்ற டோவர் கணக்கு இங்கே முழுசாக நடந்தது. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கும் மீனவ கிராமங்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் முக்கிய மேடை சுற்றுச்சூழல் கருத்துக்கேட்பு.

வாங்காமல் பூட்டுவது எப்படி

டோவருக்குக் கடைசியில் கிடைத்தது வாரியத்தில் சமூக இயக்குநர்கள், ஊருக்கான நிதி, ஒரு கலந்தாய்வு மன்றம். பாதிக் கிணறு. இயக்குநர்களை ஊர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, விற்பனைக்குத் தடையும் இல்லை. இங்கிலாந்தில் 1991 சட்டமும் அப்படியே இருக்கிறது.

மீதிக் கிணறு தாண்டப் பணம் தேவையில்லை. 1964 சட்டத்தின் 14ஆம் பிரிவில் துறைமுகத் திருத்த ஆணை என்று ஒன்று உண்டு. துறைமுகத்தின் சொந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் போகாமலே மாற்றும் வழி. இங்கிலாந்தில் கடல்சார் மேலாண்மை அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். வரைவு ஆணை, காரண விளக்கம், வரைபடம் தயார் செய்து, செய்தித்தாளில் அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாரியமே விண்ணப்பிப்பதுதான் சுலபம், அதனால் முதல் போராட்டம் வாரியத்தை இணங்க வைப்பது. 9ஆம் பிரிவில் மனு போடும் முன் உறுப்பினர் வாக்கெடுப்பு கட்டாயம் என்று ஒரு வாசகம். வாரியத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பிரிவுகள் தேர்ந்தெடுக்கும், ஆனால் நிற்பவர் திறமைப் பட்டியலில் தேறியிருக்க வேண்டும் என்று இன்னொன்று. பராமரிப்பு ஒதுக்கீடு போகத்தான் ஊர் நிதி என்று மூன்றாவது. அந்த வரிசை முக்கியம். ஊர் நிதியை முதலில் வைத்தால் பைல் துருப்பிடிக்கும். 10ஆம் பிரிவின் கட்டாயத்தை இந்த ஆணையால் தடுக்க முடியாது, அதற்கு நாடாளுமன்றம்தான்.

இப்படிப் பூட்டிய துறைமுகம் கடன் கேட்டால் வங்கி ஒரு கேள்வி கேட்கும்: தவணை தவறினால் எதைப் பிடிப்பது? உள்ளே நுழைந்து நடத்தும் உரிமை கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் நடத்தி வசூலித்துக் கடனை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமையாக மட்டும். நிலத்தையோ துறைமுக ஆணையத்தின் சட்ட அதிகாரத்தையோ விற்கும் உரிமையாக அல்ல. வழக்கறிஞர்கள் இதைக் கடைசி நாளில் பொதுவான அடமான வாசகத்துக்குள் நுழைத்துவிடுவார்கள், அதனால் முதல் வரைவிலேயே எழுதச் சொல்லுங்கள். இதற்காக வங்கி வட்டியைக் கால் சதவீதம் ஏற்றினால், 20 கோடி கடனுக்கு முதல் வருடம் அது 5 லட்சம் பவுண்டு. விற்க முடியாத துறைமுகத்துக்கு அந்த விலை அதிகமில்லை.